கடல் எந்தப் பேப்பரில் வரும்?

எங்களில் முதலில் மிதந்தவை புத்தகங்கள்தான்.

நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவந்த வள்ளம் துறையை அணைகிற நேரம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று எழும்பிவிட்ட மாதம். துறைக்கு அப்பால் வேலணைப் பக்கம் போகும் பஸ் இரைந்துகொண்டு நின்றது. அதை விட்டால் முதற்பாடம் போய்விடும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பினோம். ஓர் அலை வந்து வள்ளத்தைத் தூக்கியது. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. அதன் பிறகு அது எங்களுக்கு மேலே இருந்தது.

ஆண்பிள்ளைகள் இரண்டு கை போட்டுத் துறைக் கல்லைப் பிடித்துவிட்டார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். எனக்கு வள்ளத்தின் விளிம்பு கையில் அகப்பட்டது. கமலாவுக்கு என் பாவாடை அகப்பட்டது. சிவமலருக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவளுடைய சிவப்பு ரிபன் தண்ணீருக்குள் இறங்கிப் போவதை நான் பார்த்தேன். வாய் நிறைய உப்பும் மண்ணெண்ணெய் நாற்றமும்.

வள்ளக்காரர் சுழியோடிப் போய்ப் பின்னலைப் பிடித்து அவளை மேலே இழுத்தார். துறைக் கல்லில் குப்புறக் கிடத்தி முதுகை அமத்தினார்கள். அவள் தண்ணீரைக் கக்கினாள். பிறகு கண்ணைத் திறந்து, யாரையும் பார்க்காமல், "என்ர பூகோளப் புத்தகம்" என்றாள்.

யாரும் சாகவில்லை. அதனால் இது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஆனால் அடுத்த நாள் முதல் நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் போகவில்லை.

படித்த கடலும் பார்த்த கடலும்

இந்தத் தொடரை வாசிப்பவர்களில் அரைவாசிப் பேருக்கு இது விளங்காது என்று நினைக்கிறேன். சுற்றிவரக் கடல் உள்ள தீவில் பிறந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது. எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் யார் பழக்கினார்கள்? ஒருவருமில்லை. துறையில் களவாகக் குதித்து, வீட்டில் அடி வாங்கி, மறுபடி குதித்துப் பழகியவர்கள் அவர்கள். நாங்கள் எட்டு ஒன்பது வயது வரைக்கும் கரையில் கால் நனைப்போம், சிப்பி சோகி பொறுக்குவோம். அதன் பிறகு, "குமர்ப்பிள்ளைக்குக் கடற்கரையில என்ன வேலை?" கடல் எங்களுக்கு ஒரு பின்வேலி மாதிரி. அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடலைப் பற்றி எங்களுக்கு நிறையத் தெரியும். உலகப் படத்தில் வெந்நீரோட்டங்களைச் சிவப்பிலும் குளிர்நீரோட்டங்களை நீலத்திலும் கீறுவேன். சந்திரனால் வற்றும் பெருக்கும் வருவதைப் படம் போட்டு விளக்குவேன். இங்கிலாந்தில் எந்த நதி எந்தக் கடலில் விழுகிறது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த கடலில் எந்த மாதம் எந்தப் பக்கம் நீரிழுக்கும் என்று மட்டும் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

எங்கள் ஊரில் அந்த நாளில் விஞ்ஞான வகுப்பு இல்லை. விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் வள்ளம் ஏறி, பஸ் ஏறி, கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி கடந்து வேலணைப் பக்கம் போக வேண்டும். அப்படிப் போன முதல் பெண்பிள்ளைகளில் நாங்களும் சேர்த்தி. ஐயா அதற்குச் சம்மதித்ததே பெரிய விஷயம்.

விறாந்தையில் எடுத்த முடிவு

ஐயா கோபக்காரர் அல்ல. பனங்காணியும் கொஞ்சம் வயலும் பசுக்களுமாக இருந்த மனிதர். சத்தம் போட்டு நான் கண்டதில்லை. அவருடைய பயம்தான் பெரியது. நான் நனைந்த கோழி மாதிரி வீடு வந்த அன்று, அவர் என் தலையைத் துவாயால் துவட்டிக்கொண்டே இருந்தார். காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் சிவமலரின் தகப்பனார் வேலுப்பிள்ளையர் எங்கள் விறாந்தைக்கு வந்தார். தென்னிலங்கையில் ஒரு பட்டினத்தில் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். ஆண்டில் பாதி அங்கே, பாதி இங்கே. குறைவாகக் கதைப்பார். சொன்னால் சொன்னதுதான்.

"நான் என்ர பிள்ளையை நிப்பாட்டிப் போட்டன்," என்றார். "உயிரோட இருந்தால் போதும். படிச்சுக் கிழிச்சது காணும்."

ஐயா தலையாட்டினார். கமலாவின் தாய் தகப்பனும் அப்படியே முடிவு செய்தார்கள். ஆண்பிள்ளைகள் போகலாம், அவர்களுக்கு நீந்தத் தெரியும்.

குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகை வரவில்லை. அந்த நியாயத்தில் பிழை எங்கே என்று தேடிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. பிழை கிடைக்கவில்லை.

ரீச்சர் வந்தா

அன்னலட்சுமி ரீச்சர் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர். வேலணைப் பக்கத்துச் சுருவில் ஊர்க்காரி. இருபத்தைந்து வயது தாண்டியிருக்கும். மெல்லிய உடம்பு, தடித்த கண்ணாடி. நாங்கள் வராமல் விட்டுச் சில கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வேலிப் படலையில் வந்து நின்றார். சீலைத் தலைப்பு முழுக்க நனைந்திருந்தது. முகம் வெளிறியிருந்தது. வள்ளத்தில் வந்தது அவருக்கு அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது.

ஐயா கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். அம்மா தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார்.

"மூண்டு பேரும் நல்லாப் படிக்கிற பிள்ளையள். இப்படி நிப்பாட்டுறது சரியில்லை," என்றார் ரீச்சர்.

"எனக்கும் விருப்பம்தான் ரீச்சர். ஆனால் ஏலாது. கடலை நம்பி விடேலாது."

"பெடியளை விடுறியள்."

"அவங்களுக்கு நீந்தத் தெரியும்."

ரீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப பிள்ளையளுக்கு நீந்தத் தெரிஞ்சால் விடுவியளோ?"

ஐயா, நடக்காத காரியத்துக்குச் சம்மதிப்பதில் நட்டம் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். "ஓம்," என்றார். "வள்ளத்தில இருந்து துறை மட்டும் நீந்திக் காட்டட்டும். பிறகு பாப்பம்."

"நல்லது. நான் பழக்கிறன்."

"உங்களுக்கு நீந்தத் தெரியுமோ ரீச்சர்?" என்று கதவடியில் நின்ற அம்மா கேட்டார்.

"தெரியாது," என்றார் ரீச்சர். "நானும் பழகத்தான் வேணும்."

அன்றே மற்ற இரண்டு வீடுகளிலும் ரீச்சர் இதே சம்மதத்தை வாங்கிவிட்டார். பள்ளிக்கூட அதிபரிடம் அனுமதி கேட்டபோது நடந்ததை ரீச்சர் பின்னாளில் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். அதிபர் நல்ல மனிதர். சோதனைப் பெறுபேற்றில் மட்டும் கண்ணானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி பிள்ளை, இது எந்தப் பேப்பரில வருது?" என்றாராம்.

"ஒரு பேப்பரிலயும் வராது சேர்."

"அப்ப ஏன்?"

"இது தெரியாததால மூண்டு பேர் ஒரு பேப்பரும் எழுதப் போறதில்லை சேர்."

அதிபர், "சனிக்கிழமையில செய்யும். வகுப்பு நேரசூசியில போடாதேயும்," என்றாராம்.

குடையும் முதுகும்

ரீச்சரிடம் நீச்சல் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. யாரிடமோ இரவல். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைக்காரர்கள் குறுக்காகக் கிடந்தார்கள். அதை மணலில் வைத்துக் காற்றுக்குக் கல் வைத்து வாசித்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, கையை இப்படிப் போடு, காலை அப்படி அடி என்று ரீச்சர் சொல்ல, முதல் நாள் தண்ணீரில் இறங்கியவர்கள் எல்லாரும் நன்றாக உப்புக் குடித்தோம்.

நீந்தத் தெரிந்த ஒருவர் வேண்டும். தெரிந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். குமர்ப்பிள்ளைகள் நனைகிற இடத்தில் ஆம்பிளை நிற்கக் கூடாது.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் குஞ்சியப்பு, ஐயாவின் தம்பி. தபால் கந்தோரில் உத்தியோகம். இளமையில் துறையிலிருந்து குதித்து அடி வாங்கியவர்களில் முதன்மையானவர். அவர் சொன்னார்: "நான் கரையில நிக்கிறன். முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறன். வாய் மட்டும் உங்கட பக்கம்."

அப்படியே நடந்தது. சோளகம் படாத பக்கக் கரையில், இரண்டு கம்பு நட்டு ஒரு பழைய சாக்குப் படங்கைத் திரையாகக் கட்டினோம். படங்குக்கு அந்தப் பக்கம் குஞ்சியப்பு கறுத்தக் குடையைப் பிடித்துக்கொண்டு பனங்கூடலைப் பார்த்தபடி நிற்பார். இந்தப் பக்கம் நாங்கள். ஐயா கட்டிப் பழசாய்ப்போன சாரங்களை வெட்டி, முழங்காலுக்குக் கீழே வரும் காற்சட்டைகளை அம்மா தைத்துத் தந்திருந்தார். அதற்கு மேல் பெரிய சட்டை. இடுப்பில் ஒல்லித் தேங்காய். உள்ளே பருப்பில்லாத அந்தத் தேங்காய்களை மட்டையோடு சோடியாகக் கட்டினால் நன்றாக மிதக்கும்.

காவலுக்கு வந்த அம்மா இரண்டு பக்கத்துக்கும் இடையில் நின்றார். குஞ்சியப்புவுக்குக் கண் அவர்தான்.

"முகத்தைத் தண்ணிக்குள்ள வையுங்கோ. காலை நீட்டி அடியுங்கோ," என்று பனைமரங்களுக்குச் சொல்லுவார் குஞ்சியப்பு. கொஞ்ச நேரம் பொறுத்து, "மச்சாள், இப்ப என்ன நடக்குது?"

அம்மா பார்ப்பார். "தாழுகினம் தம்பி."

"ஆர்?"

"எல்லாரும். ரீச்சரும்."

குஞ்சியப்பு குடையை மற்றக் கைக்கு மாற்றுவார். "பயத்தில தலையைத் தூக்கினால் இடுப்புத் தாழும். தலையைத் தாழ்த்தச் சொல்லுங்கோ. தலையைத் தாழ்த்தினால்தான் மிதக்கலாம்."

காதுக்குள் தண்ணீர் போய், கண் எரிந்து, வழுவழுவென்று மிதந்துவரும் சொறிமுட்டை பட்டு உடம்பு அரித்து, கரையில் ஒதுங்கிக் கிடந்த சாதாளைப் பாசியின் மணம் தலைமயிரில் ஏறி வீடு வரைக்கும் வரும். குளித்து முடித்ததும், பனங்கிழங்கை அவித்துக் காயவிட்ட புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும். அந்தப் பசி மாதிரி ஒரு பசி பிறகு எனக்கு வந்ததில்லை.

சாப்பிட்ட பிறகு, ஈர மணலில் குச்சியால் கீறி ரீச்சர் அந்தக் கிழமைப் பாடங்களை நடத்துவார். மிதத்தல் பாடம் வந்தபோது கமலா கேட்டாள்: "எல்லாம் சரி ரீச்சர், நான் ஏன் தாழுறன்?"

"பயத்தில நீர் மூச்சை விட்டிடுறீர். நெஞ்சுக்குள்ள காத்து இருந்தால் நீர் ஒரு ஒல்லித் தேங்காய்."

அடுத்த கிழமை கமலா மூச்சைப் பிடித்துக் கவிழ்ந்தாள். மிதந்தாள். நான் அதற்கு அடுத்த கிழமை. ரீச்சர் எங்கள் இரண்டு பேருக்கும் பிறகு. கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கரை எந்தப் பக்கம் என்று தெரியாது. ஒரு நாள் மெய்மறந்து கடற்பக்கமாக நீந்திப் போய்விட்டார். நாங்கள் கத்திக் கூப்பிட்டுத் திருப்பினோம்.

மணலில் இருந்தவள்

சிவமலர் என்ன செய்தாள் என்று சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். அவள் எல்லாச் சனிக்கிழமையும் வந்தாள். காற்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். மணலில் இருந்தாள். தண்ணீருக்குள் இறங்கவில்லை.

எங்கள் மூன்று பேரில் கெட்டிக்காரி அவள்தான். ரீச்சர் கேள்வியை முடிக்க முன் அவளுக்கு விடை தெரியும். வள்ளம் கவிழ்ந்த பிறகு அவளால் கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்க்கவே ஏலாது. முகத்தில் தண்ணீர் வழிந்தால் மூச்சு அடைத்தது. தாய் ஈரத் துணியால்தான் அவளுடைய முகத்தைத் துடைத்துவிடுவார்.

ரீச்சர் அவளை ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. சில வேளை எங்களை விட்டுவிட்டுப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருப்பார். ஒரு தடவை சிவமலர் கேட்டது என் காதில் விழுந்தது.

"உங்களுக்குப் பயமில்லையோ ரீச்சர்?"

"வள்ளம் ஏறுற ஒவ்வொரு நாளும் எனக்குப் பயம்தான்."

"அப்ப ஏன் வாறியள்?"

"நீர் வாறீரல்லோ," என்றார்.

சோதனை

சோளகம் ஓய்ந்து, வாடை தொடங்க இன்னும் நாள் இருந்த ஒரு காலையில் சோதனை நடந்தது. எங்கள் ஊர்த் துறையில், வெயில் ஏற முன். தகப்பன்மார் மட்டும். மற்ற ஆட்களைக் குஞ்சியப்பு துறை வாசலில் மறித்து வைத்திருந்தார். அவர் அன்றைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார், பழக்க தோஷம்.

வள்ளத்தைத் துறையிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள். அம்மாவும் ரீச்சரும் எங்களோடு வள்ளத்தில். முதலில் கமலா குதித்தாள். நாய் நீந்துவது மாதிரித்தான் நீந்தினாள், ஆனால் போய்ச் சேர்ந்தாள். பிறகு நான். தண்ணீருக்குள் விழுந்ததும் எல்லாம் மறந்துபோனது. தலையைத் தாழ்த்து என்ற ஒரு சொல் மட்டும் ஞாபகம் வந்தது. கல் கையில் பட்டபோது நிமிர்ந்து பார்த்தேன். ஐயா துறைப் படியில் இடுப்பளவு தண்ணீரில் வேட்டியோடு நின்றார். என்னைப் பிடிக்க இறங்கியவர். அவருக்கும் நீந்தத் தெரியாது.

சிவமலர் வள்ளத்தின் விளிம்பில் ஏறி நின்றாள். நின்றுகொண்டேயிருந்தாள். ரீச்சர் ஏதோ மெல்லச் சொன்னார். அவள் ஏலாதென்று தலையை ஆட்டினாள், இறங்கி வள்ளத்துக்குள் குந்திவிட்டாள்.

வேலுப்பிள்ளையர் சத்தம் போடவில்லை. "காணும் ரீச்சர். அவவைக் கரைக்குக் கொண்டு வாங்கோ," என்றார். அதோடு திரும்பி நடந்தார்.

அடுத்த திங்கட்கிழமை கமலாவும் நானும் வள்ளம் ஏறினோம். எங்களுக்கு நடுவில் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடம் இருந்தது. அதில் இரண்டு பேரும் புத்தகத்தை வைக்கவில்லை.

ஒரு கருத்தரங்கில்

இந்த இடத்தில் கொஞ்சம் முன்னால் ஓடிப்போய் வருகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் ஆசிரியையாகிவிட்டேன். அப்போது புதிய பாடத்திட்டம் என்று பெரிய மாற்றம் வந்தது. பிள்ளைகளை வாழ்க்கைக்கு ஆயத்தம் செய்ய வேண்டும், தொழிலோடு சேர்ந்த பாடம் வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். எனக்கு மெத்தச் சந்தோஷம். யாழ்ப்பாணத்தில் நடந்த கருத்தரங்கில் எழும்பி, தீவுப் பகுதிப் பிள்ளைகளுக்கு நீச்சலை இதில் சேர்க்கலாமோ என்று கேட்டேன்.

விளக்கம் தர வந்த அதிகாரி பொறுமையானவர். "ரீச்சர், இது முழு இலங்கைத் தீவுக்கும் ஒரே பாடத்திட்டம்," என்றார்.

"நானும் தீவுக்குத்தான் கேக்கிறன் சேர்," என்றேன்.

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். குறித்துக்கொள்கிறேன் என்றார். குறித்திருப்பார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மாற்றத்தில் நல்லவையும் இருந்தன. ஆனால் எங்கள் தாய் தகப்பன்மார் கேட்டது ஒரே கேள்வி: இதுக்கு எத்தினை புள்ளி? எங்கள் பழைய அதிபரின் கேள்விதான். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. காணி சிறுத்து, கடை நிலையில்லாமல், ஓர் உத்தியோகம்தான் குடும்பத்தைத் தூக்கும் என்று நம்பிய சனம். புள்ளி இல்லாத பாடத்துக்குப் பிள்ளையை விட அவர்களுக்கு வசதி இருக்கவில்லை.

எனக்கு வேறொன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. வகுப்பில் சோதனை வைப்போம். சித்தியடைந்தவர்களை மேல் வகுப்புக்குக் கொண்டுபோவோம். நல்ல ஆசிரியர் அவர்களோடு மேலே போவார். தவறியவர் அதே மர வாங்கில், யாரும் பார்க்காமல் இருப்பார். எத்தனையோ ஆண்டு நானும் அப்படித்தான் படிப்பித்தேன், வேறு விதமாகப் படிப்பிக்க நேரசூசியில் இடம் இருக்கவில்லை. அப்போதெல்லாம் அந்தச் சோதனைக்குப் பிறகு எங்கள் கரையில் நடந்ததுதான் நினைவுக்கு வரும்.

தவறியவளுக்கு ஒரு வகுப்பு

சோதனை முடிந்த அடுத்த சனிக்கிழமை, ரீச்சர் மறுபடி வள்ளத்தில் வந்து இறங்கினார்.

"இனி என்ன ரீச்சர், எங்கட பிள்ளையள் போகினமே," என்றார் ஐயா.

"மூண்டு பேருக்கெண்டுதானே தொடங்கினனான்," என்றார் ரீச்சர்.

வேலுப்பிள்ளையர் அப்போது தென்னிலங்கைக் கடைக்குப் போய்விட்டார். சிவமலரின் தாய்க்கு மறுக்க மனமில்லை. அம்மாவும் வழக்கம்போலப் போனார். சித்தியடைந்த நாங்கள் இருவரும் கரையில் இருந்து பார்க்கிறவர்கள் ஆனோம்.

அன்றும் சிவமலர் மணலில் இருந்தாள். அம்மா அவளைப் பார்த்தார். பிறகு செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சீலையை வரிந்து கொடுக்குக் கட்டிக்கொண்டு, அவளுடைய கையைப் பிடித்தார்.

"எனக்கும் சரியான பயமடி பிள்ளை. இவ்வளவு காலமும் முழங்காலுக்கு மேல நான் நனைஞ்சதில்லை. இரண்டு பேரும் பயந்தபடி நிப்பம், வா."

கணுக்கால் மட்டும் போனார்கள். நின்றார்கள். அவ்வளவுதான் அன்றைய பாடம். படங்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து குஞ்சியப்பு, என்ன நடக்குது மச்சாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல வேண்டியவர் கடலுக்குள் நின்றார்.

அடுத்த கிழமை முழங்கால். பிறகு மழை தொடங்கி, கடல் கலங்கி, ஐப்பசி கார்த்திகை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. தை பிறந்து வாடை தணிந்ததும் ரீச்சர் வந்தார். வருஷம் மாறி, நாங்கள் மேல் வகுப்புக்குப் போயிருந்தோம். சிவமலருக்குத் தையல் பழக ஒழுங்கு செய்திருந்தார்கள்.

மாசி மாதக் கடலைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? அலுமாரிக் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அடியில் நண்டு ஓடுவது தெரியும். அந்தத் தண்ணீரில் இடுப்பு மட்டும், பிறகு நெஞ்சு மட்டும், அம்மாவும் சிவமலரும் கைகோத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் அம்மா முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து எடுத்தார். எடுத்ததும், "அம்மாளாச்சி," என்றார். சிவமலர் சிரித்தாள். வள்ளம் கவிழ்ந்த பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். பிறகு அவளும் முகத்தை வைத்தாள். எடுத்தாள். மூச்சு வாங்கினாள். மறுபடி வைத்தாள்.

அவள் நீந்திய கணத்தை நாங்கள் யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ரீச்சர் கண்ணிலிருந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் இடுப்பிலிருந்த ஒல்லித் தேங்காய்ச் சோடி கயிறு கழன்று மிதந்து போயிற்று. அம்மா, "ஐயோ, அது போகுது," என்றார். சிவமலர் அவருடைய கையை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் போனாள். எட்டிப் பிடித்தாள். திரும்பி வந்து அம்மாவிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவளுக்கு விளங்கியது. அப்படியே நின்று அழுதாள். ரீச்சரும் அழுதார். அம்மா மட்டும் தேங்காயைக் கவனமாகக் கட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு அது இல்லாமல் நிற்க ஏலாது.

வேலுப்பிள்ளையர் வந்தது

ஊர் வந்திருந்த வேலுப்பிள்ளையரிடம் செய்தியைச் சொன்னவர் குஞ்சியப்பு. தகப்பன் நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை தானே வந்து, படங்கைத் தாண்டி இந்தப் பக்கம் நின்றார்.

"எங்க, செய்து காட்டு," என்றார் மகளிடம்.

சிவமலர் நெஞ்சளவு தண்ணீரில் நின்றாள். தலையைத் தாழ்த்தினாள். கரைக்கு இணையாக, அவசரமில்லாமல், படங்குக் கம்புக்கு நேர் வரைக்கும் போய்த் திரும்பினாள். எங்கள் இரண்டு பேரையும் விட அழகாக நீந்தினாள் என்பதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன்.

வேலுப்பிள்ளையர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் திங்கட்கிழமை துறையில் சிவமலர் புத்தகப் பையோடு நின்றாள். எங்களுக்கு ஒரு வகுப்புக் கீழே சேர்ந்தாள். பின்னாளில் தாதியாகி, பல ஊர்களில் வேலை செய்து, இப்போதும் எங்களோடு தொடர்பில் இருக்கிறாள். ரீச்சருக்கு அடுத்த ஆண்டு இடமாற்றம் வந்தது. அவருக்குப் பிறகு அந்தக் கரையில் யாரும் வகுப்பு நடத்தவில்லை.

ஆனால் அந்த இடமாற்றத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மிச்சம் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த சனிக்கிழமை அதுதான்.

அன்று கரைக்கு நாங்கள் சும்மாதான் போயிருந்தோம். சோதனை இல்லை, பாடம் இல்லை. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். பனங்கூடலுக்குள்ளால் வேலுப்பிள்ளையர் வருவது தெரிந்தது. ஒரு கையில் துவாய். மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு சிவமலரின் கடைசித் தங்கச்சி, ஏழு வயதுப் பிள்ளை. தையல் இன்னும் சரியாக முடியாத ஒரு சாரத்துக் காற்சட்டை போட்டிருந்தாள்.

அவர் படங்கடியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ரீச்சர், இவ சின்னவ. இப்பவே தொடங்கினால் என்ன?"

ரீச்சர் பதில் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் பிள்ளை கையை உதறிவிட்டுக் கடலைப் பார்த்து ஓடிவிட்டாள். வேலுப்பிள்ளையர் அவளைக் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பின்னால் மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்கினார்.